வீட்டுக்குள் வரும் மரம்: பழவேற்காட்டுப் பனையோலையும் தைலமரக் கிளையும்

சாம்பல் பூத்தாற்போன்ற நீலப்பச்சை நிற வட்ட இலைகளைக் கொண்ட யூகலிப்டஸ் என்னும் தைலமரத்தின் கிளைகளைக் கண்ணாடிக் குடுவைகளிலும் மண்சாடிகளிலும் செருகி வைக்கும் வழக்கம், மேலை நாடுகளின் திருமண மேடைகளிலும் உள் அலங்காரப் படங்களிலும் தொடங்கி, இன்று சென்னையின் அடுக்ககங்கள் வரை பரவியுள்ளது. புதிதாக வெட்டிய கிளை, பதப்படுத்திய கிளை, அவற்றைப் பார்த்து அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கிளை என்று மூன்று வடிவங்களில் அது விலைக்குக் கிடைக்கிறது. அதே சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாக விளங்கும் பழவேற்காட்டு ஏரியின் தென்கரையில், பனையின் குருத்தோலையை வகிர்ந்து, சாயமேற்றி, பெட்டியாகவும் தட்டாகவும் சுவரில் மாட்டும் அணியாகவும் முடையும் பெண்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். ஓர் இலை வீட்டின் அழகுப்பொருளாக மாறுவதற்கு மரத்தின் இயல்பு மட்டும் போதுமானதன்று. அந்த மரத்தோடு பழகிய கைகளும், அக்கைகளின் உழைப்புக்கு உரிய விலை தரும் சந்தையும் வேண்டும். தைலமரத்துக்குச் சந்தை இருக்கிறது. பழவேற்காட்டுப் பனைக்குக் கைகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே இருப்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

தைலமர இலையின் அழகு

யூகலிப்டஸ் என்னும் பேரினத்தில் 700-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. இம்மரங்கள் பலவற்றின் இலைகள் ஒரே மரத்தில் இரு வேறு தோற்றங்களைக் கொள்கின்றன. இளங்கன்றில் தோன்றும் இலைகள் காம்பின்றி, தண்டைத் தழுவியபடி, எதிரெதிராக, வட்டமாகவோ முட்டை வடிவாகவோ அமைந்து, மேலே வெண்மையான மெழுகுப்பொடி படர்ந்து காணப்படும். மரம் முதிர்ந்த பின் வரும் இலைகளோ நீண்டு, அரிவாள்போல் வளைந்து, காம்போடு தொங்கும். உள் அலங்காரத்தார் விரும்புவது இளமைக்கால இலையை மட்டுமே. யூகலிப்டஸ் சினேரியா என்னும் சிற்றினம் வளர்ந்த பிறகும் பெரிதும் இளமைக்கால இலைகளையே தாங்கி நிற்பதால், ‘சில்வர் டாலர்’ என்ற வணிகப் பெயரோடு அது பூச்சந்தைகளில் முதலிடம் பெற்றுள்ளது. பிற சிற்றினங்களை வளர்ப்போர் மரத்தை அடிக்கடி வெட்டிக் குட்டையாக வைத்து, வெட்டிய இடத்திலிருந்து கிளைக்கும் புதுத் தளிர்களில் அந்த வட்ட இலைகளைத் திரும்பத் திரும்பப் பெறுகின்றனர்.

வெட்டிய கிளையைப் பல மாதங்கள் கெடாமல் வைத்திருக்க, இரண்டு பங்கு வெந்நீரில் ஒரு பங்கு கிளிசரின் கலந்து, சாய்வாக நறுக்கிய தண்டுகளை அதில் இரண்டு மூன்று வாரங்கள் நிறுத்தி வைக்கும் முறை கையாளப்படுகிறது. இலை அக்கலவையை உறிஞ்சிய பின் நீர் ஆவியாகிவிட, கிளிசரின் மட்டும் திசுக்களில் தங்கி, இலை முறியாமல் துவளும் தன்மையோடு நீடிக்கிறது. இலைக்குள் பொதிந்த நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் உள்ள சினியோல் என்ற பொருளே தைலத்தின் மணத்துக்குக் காரணமாகும். பதப்படுத்திய கிளைகளில் அம்மணம் சிறிது சிறிதாகக் குறைந்து மறைகிறது. நீலகிரியில் சாலையோரக் கடைகளில் விற்கப்படும் தைலமும் இந்த இலையை வடித்து எடுத்ததே. தைலம் எடுக்க முதிர்ந்த இலை, அலங்காரத்துக்கு இளம் இலை என்று ஒரே மரத்தை இரு தொழில்கள் பங்கிட்டுக்கொள்ள இயலும் என்பது இம்மரத்தின் சிறப்புகளுள் ஒன்று.

ஆயினும் தமிழ்நாட்டுக்கு இம்மரம் அழகுக்காகக் கொண்டுவரப்படவில்லை. மைசூர் அரசர் திப்பு சுல்தான் 1790-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நந்தி மலையில் இதனை நடுவித்ததாகக் கூறப்படுகிறது. நீலகிரியில் 1843-இல் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் இதனை அறிமுகம் செய்தார். உதகையில் குடியேறிய ஆங்கிலேயரின் விறகுத் தேவை சோலைக்காடுகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தபோது, விரைந்து வளரும் இம்மரம் மாற்றாகக் கருதப்பட்டு, 1856 முதல் திட்டமிட்ட தோட்டங்களாக நடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காகித ஆலைகளுக்குக் கூழ்மரம் வழங்கும் பொருட்டுச் சமவெளிகளிலும் அது பரவியது. நான்கு முதல் ஆறு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்து, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மரம் என்பதால் வனத்துறைக்கும் நிலவுடைமையாளர்க்கும் அது உகந்ததாயிற்று. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, தானியம் விளைந்த நிலத்தைக் கைக்கொள்கிறது, நாட்டு மரங்களுக்கு இடமில்லாமல் செய்கிறது என்ற எதிர்ப்பும் கூடவே எழுந்தது. 1983-இல் கர்நாடகத்தின் தும்கூர்ப் பகுதியில் விவசாயிகள் திரண்டு சென்று வனத்துறை நாற்றங்காலில் இருந்த யூகலிப்டஸ் நாற்றுகளைப் பிடுங்கி எறிந்து, அவ்விடத்தில் புளி, மா விதைகளை ஊன்றினர். 2017-இல் அம்மாநில அரசு இம்மரத்தைப் புதிதாக நடுவதற்குத் தடை விதித்தது.

ஏரியின் கரையில் வந்தேறிய மரங்கள்

பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. தெற்கிலுள்ள சிறு பகுதியே தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்தீவு ஸ்ரீஹரிகோட்டா. விண்வெளி ஏவுதளம் வருவதற்கு முன்பு அத்தீவின் காடு சென்னை நகரத்தின் அடுப்புகளுக்கு விறகு தந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே விறகுத் தோணிகள் நகரத்துக்குச் சென்றன. தீவின் இயல்பான புதர்க்காட்டிடையே யூகலிப்டஸும் சவுக்கும் நட்ட தோப்புகள் உருவானமைக்கும் அந்த விறகுத் தேவையே அடிப்படை.

ஏரிக்கரை மீனவர் வாழ்வில் இவ்விரு வந்தேறி மரங்களுள் சவுக்குக்கே பெரிய இடம் கிடைத்தது. உப்புக்காற்றையும் வெறும் மணலையும் தாங்கி, வேரில் வாழும் நுண்ணுயிரியின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தனக்கு உரமாக்கிக்கொள்ளும் அம்மரம், குடிசையின் கைமரமாகவும், பந்தற்காலாகவும், வலை உலர்த்தும் கழியாகவும் கடற்கரையெங்கும் பயன்படுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் காப்பரண் என்ற பெயரில் சவுக்கு மேலும் பரவலாக நடப்பட்டபோது, இயற்கையான மணற்குன்றுகளும் ஆமைகள் முட்டையிடும் கடற்கரையும் அதனால் பாதிக்கப்படும் என்று சூழலியலாளர் சிலர் எச்சரித்தனர். அந்த எச்சரிக்கை புறந்தள்ளத்தக்கதன்று. தைலமரமோ இக்கரையின் வீடுகளுக்குள் கழியாகவும் தலைவலித் தைலமாகவும் மட்டுமே நுழைந்தது. அதன் இலையை எடுத்துச் சுவரில் மாட்டவோ வாசலில் கட்டவோ இங்குள்ள எவருக்கும் தோன்றவில்லை. அந்த இடம் ஏற்கெனவே வேறொரு மரத்துக்கு உரியதாக இருந்தது.

குருத்திலிருந்து பெட்டி வரை

தமிழ்நாட்டின் மாநில மரமான பனை, ஏரியைச் சூழ்ந்த மணல்மேடுகளில் நெடுங்காலமாக நிற்கிறது. விசிறிபோல் விரியும் அதன் ஓலைக்கு வயதுக்கேற்பப் பெயரும் பயனும் மாறுகின்றன. மரத்தின் நடுவே, இன்னும் விரியாமல் ஈட்டிபோல் மடிந்து நிற்பது குருத்தோலை. விரிந்து முதிர்ந்து பச்சையாக நிற்பது சாரோலை. காய்ந்து தொங்குவது காவோலை. கூரை வேயவும் வேலியடைக்கவும் சாரோலை பயன்படும். அடுப்பெரிக்கக் காவோலை உதவும். அழகுப் பொருள்கள் முடைவதற்கோ வெயில் படாமல் மடிப்புக்குள்ளேயே வளர்ந்த, வெளிர்மஞ்சள் நிறமும் மென்மையும் உடைய குருத்தோலைதான் வேண்டும். மரம் தன் அடுத்த வளர்ச்சியை அந்தக் குருத்தில் வைத்திருப்பதால், ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தை வெட்டுவது மரத்தை நலிவடையச் செய்யும். எத்தனை நாள் இடைவெளி விட்டு எந்த மரத்தில் கை வைக்கலாம் என்ற கணக்கு, இத்தொழிலின் எழுதப்படாத முதல் விதியாகும்.

வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் உலர்த்தினால் அது தந்தநிறம் பெறுகிறது. பின்னர் ஒவ்வோர் இதழின் நடுவேயுள்ள ஈர்க்கு என்னும் கெட்டியான நரம்பை உருவி எடுத்து, எஞ்சிய ஓலையைச் சிறு கத்தியால் ஒரே அகலமுள்ள இழைகளாக வகிர்கின்றனர். பொருளின் நேர்த்தி பெரும்பாலும் இந்த வகிர்தலிலேயே முடிவாகிவிடுகிறது. இழையின் அகலத்தில் ஒரு நூலிழை வேறுபாடு நேர்ந்தாலும், முடைந்து முடிக்கும்போது பெட்டியின் வாய் கோணிவிடும். கொதிநீரில் கரைத்த சாயத்தில் இழைகளை முக்கி எடுத்து, நிழலில் உலர்த்தி, முடையத் தொடங்குமுன் சற்றே ஈரப்படுத்திக்கொள்கின்றனர்; ஈரம் குறைந்தால் ஓலை மடிப்பில் முறியும், மிகுந்தால் காய்ந்த பின் பின்னல் தளரும். ஊதா, பச்சை, ரோஜா நிற இழைகள் ஓலையின் இயல்பான நிறத்தோடு மாறி மாறி ஓடி, கட்டங்களாகவும் சாய்கோடுகளாகவும் உருக்கொள்வது பழவேற்காட்டு வேலையின் அடையாளம். உருவி எடுத்த ஈர்க்கும் வீணாவதில்லை. பல ஈர்க்குகளைச் சேர்த்து வளையமாகச் சுற்றி, அதன்மேல் ஓலையிழையை இறுகச் சுற்றித் தைத்தால் உறுதியான தட்டும் கிண்ணமும் கிடைக்கின்றன. மேசை விரிப்பு, மூடியுள்ள பெட்டி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப்பெட்டி, பழத்தட்டு, விசிறி, குழந்தைகளின் கிலுகிலுப்பை எனப் பொருள்கள் விரிகின்றன. வரைபடமோ அளவுகோலோ இன்றி, விரலும் கண்ணும் அறிந்த கணக்கில் இவை யாவும் உருவாவதைக் காணும் எவரும், இதனைப் பொழுதுபோக்கு வேலை என்று சொல்லத் துணியமாட்டார்.

இத்தொழில் பழவேற்காட்டு ஊரின் முஸ்லிம் குடும்பப் பெண்களிடையே பெரிதும் வேரூன்றியது. வீட்டு முற்றத்தை விட்டு அகலாமல், சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே கிடைக்கும் பொழுதில் செய்யத்தக்கது என்பது அதற்கு ஒரு காரணம். பிற்காலத்தில் சுற்றியுள்ள குப்பங்களின் மீனவப் பெண்களும் இதனைக் கற்றுக்கொண்டனர். கடல் கடந்த வணிகத்துக்குக் கைவேலைப் பொருள்களைத் தருவது இவ்வூருக்குப் புதிதன்று. டச்சுக்காரர் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக இதனை வைத்திருந்த காலத்தில், இவ்வட்டாரத் தறிகளில் நெய்த கட்டம்போட்ட துணிகள் தென்கிழக்கு ஆசியத் தீவுகளுக்குக் கப்பலேறின. அத்துணிகளின் பெயரும் புகழும் வரலாற்று நூல்களில் நிலைபெற்றுவிட்டன. ஓலைவேலைக்கு அத்தகைய பதிவு இல்லை. பெண்கள் வீட்டுக்குள் இருந்து செய்த தொழில் என்பதே அந்த மௌனத்துக்குப் பெருங்காரணம் என்று கருத இடமுண்டு.

மூன்று சமயத்தாரும் சேர்ந்து வாழும் இக்கரையில் ஓலை எல்லா வீடுகளுக்கும் பொதுவான அணியாகவும் விளங்குகிறது. அம்மன் திருவிழாக்களில் குருத்தோலைத் தோரணம் தொங்குகிறது. கத்தோலிக்க மீனவர் குருத்தோலை ஞாயிறன்று பவனியில் ஏந்திய ஓலையைச் சிலுவையாக மடித்து ஆண்டு முழுவதும் வீட்டில் வைத்திருக்கின்றனர். திருமண வீடுகளின் இனிப்பும் பழமும் ஓலைப்பெட்டிகளில் செல்கின்றன. ஓலைக்குடிசைகள் இருந்த இடங்களில், ஆழிப்பேரலைக்குப் பின் கான்கிரீட் வீடுகள் பல எழுந்தன. கூரையிலிருந்து இறங்கிய பனை, அவ்வீடுகளின் மாடத்திலும் சுவரிலும் சிறு பொருளாகத் தங்கிவிட்டது.

ஏரி மெலியும்போது

ஓலைவேலையின் பொருளியலை ஏரியின் நிலையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. இங்குள்ள பட்டினவர் சமூகத்து மீனவர் ‘பாடு’ என்னும் முறையைக் கையாள்கின்றனர். ஏரியில் இறால் வரத்துள்ள மீன்பிடி இடங்களை, உரிமையுள்ள குடும்பத்தலைவர்கள் குலுக்கல் முறையில், முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் வேரூன்றிய அம்முறை, கிடைப்பதைச் சண்டையின்றிப் பங்கிடுவதற்கு உதவியது; கிடைப்பதே குறைந்தால் எந்தப் பங்கீடும் பசியைத் தணிக்காது. ஏரியையும் கடலையும் இணைக்கும் முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்ந்துபோகும்போது கடல்நீர் உட்புகுவது தடைபட்டு, இறாலும் மடவையும் நண்டும் ஏரிக்குள் வருவது குறைகிறது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கியதும், அதன்பின் காட்டுப்பள்ளியில் துறைமுகம் எழுந்ததும் கரையோர மணலோட்டத்தைப் பற்றிய மீனவரின் அச்சத்தை மிகுதியாக்கின. ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெளியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்களும் தென்கரைக்கு வந்து சேர்ந்ததால், அதே நீர்ப்பரப்பை நம்பும் வலைகளின் எண்ணிக்கை பெருகியது.

ஆண்களின் வலை வெறுமையாகத் திரும்பும் வாரங்களில், அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பெண்ணின் கைவேலை ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஓலைக்கும் சாயத்துக்கும் செலவிட்டு, உலர்த்தல், வகிர்தல், முடைதல் எனப் பல நாட்களில் பிரித்துச் செய்த வேலைக்குக் கிடைக்கும் தொகையை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால், அது வயல் கூலியையும் எட்டுவதில்லை. இடைத்தரகர் எண்ணிக்கைக்கு விலை பேசுகிறார். நேர்த்திக்கு விலை பேசுவோர் அரிதாகவே வருகின்றனர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓலை உலராமல் பூஞ்சணம் பிடிப்பதால் தொழில் மேலும் தேங்குகிறது. இந்நிலையில் இளம்பெண்கள் தொழிற்பேட்டைகளின் நிலையான ஊதியத்தை நாடுவதைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை.

ஓலைவேலைக்கு உரிய மதிப்பைப் பெற்றுத்தர முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. செட்டிநாட்டின் கொட்டான் என்னும் ஓலைக்கூடை, வழக்கொழியும் நிலையில் இருந்தபோது, எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் புதிய வடிவங்களோடு மீட்டெடுக்கப்பட்டு, பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. அக்குறியீடு, ஒரு வட்டாரத்தில் மட்டுமே மரபாகச் செய்யப்படும் பொருளின் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும் சட்ட ஏற்பாடாகும். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டிலும் கடலோரப் பெண்கள் ஓலைப்பொருள்களால் பெயர் பெற்றுள்ளனர். பெருநகரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும் பழவேற்காடு அவ்விரண்டு இடங்களின் நிலையை எட்டாதிருப்பது வருத்தத்துக்குரியது.

நகர வீடும் ஓலையும்

பதப்படுத்திய யூகலிப்டஸ் கிளையை வாங்குவோர் எதிர்பார்ப்பவை மூன்று: மங்கலான இயற்கை நிறம், வாடாமை, கூர்மையற்ற எளிய வடிவம். சாயமேற்றாத குருத்தோலை இம்மூன்றையும் தரவல்லது. ஓலையிதழ்களை மடித்துக் கோத்த சுவர்வட்டமும், ஈர்க்கு வளையத்தில் இழை சுற்றிய தட்டும், விளக்கைச் சூழும் பின்னற்கூடும் அடக்கமான நிறங்களை விரும்பும் இன்றைய அறைகளுக்கு இயல்பாகப் பொருந்தும். அழுத்தமான ரோஜா நிறமும் ஊதாவும் நகரத்தாரின் சுவைக்கு ஒவ்வாதவை என்று சொல்லி அவற்றை அடியோடு விலக்கச் சொல்வதும் தவறு. அந்நிறச் சேர்க்கைதான் இவ்வூரின் கையெழுத்து. வாங்குவோரின் விருப்பத்துக்கு ஒரு வரிசையும், ஊரின் மரபுக்கு ஒரு வரிசையும் என இரண்டும் செய்யப்பட வேண்டும். யூகலிப்டஸ் கிளைகளையே விரும்புவோருக்கும் தடையில்லை: நீலகிரியில் ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் மரங்களின் கிளைத் தளிர்களே அதற்குப் போதும், அலங்காரத்துக்கென்று நீர் குறைந்த சமவெளியில் புதிய தோப்புகள் எழுப்புவதற்கு நியாயமே இல்லை. பிளாஸ்டிக் கிளையையோ எந்த நிலையிலும் பரிந்துரைக்க முடியாது.

ஓலைப்பொருளைப் பேணுவது கடினமான செயலன்று. நேரடி வெயில் படும் சன்னலருகே வைத்தால் சாயம் வெளிறும். ஈரச்சுவரை ஒட்டி மாட்டினால் பூஞ்சணம் படரும். தண்ணீரில் கழுவாமல் உலர்ந்த துணியாலோ மென்தூரிகையாலோ தூசு தட்டி, மழைக்காலம் முடிந்ததும் சில மணிநேரம் காற்றோட்டமான நிழலில் வைத்தால், நன்கு முடைந்த பெட்டி பல ஆண்டுகள் உழைக்கும்.

எஞ்சியிருப்பது மூலப்பொருளின் கேள்வி. நெடும்பனையில் ஏறிக் குருத்து வெட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் குறைந்து வருகின்றனர். செங்கற்சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் பலியான மரங்களும் ஏராளம். 2021-இல் தமிழ்நாடு அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வளர்ப்புக்கென ஒரு திட்டத்தை அறிவித்து, 76 லட்சம் பனைவிதைகளை வழங்குவதாகவும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் கூறியது. அவ்வாறு நடப்படும் விதைகள் ஏரிகளின் கரையிலும் சாலையோரத்திலும் பதநீருக்கும் நிலக்காப்புக்கும் உரியவையாக மட்டும் எண்ணப்படுகின்றன. பனை பூத்துப் பயன்தரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஓலைக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. உயர்ந்த அடிமரம் உருவாகாத இளம்பனையாகிய வடலியின் குருத்தை, ஏறாமல், தரையில் நின்றபடியே அரிவாளால் வெட்டலாம். கோட்டைக்குப்பம் முதல் கூனங்குப்பம் வரையுள்ள ஊர்களின் புறம்போக்கு மேடுகளில் வடலித் தோப்புகளை முடையும் பெண்களின் கூட்டுறவுப் பொறுப்பில் வளர்த்து, எந்த மரத்தில் எப்போது குருத்தெடுப்பது என்ற முடிவையும் அவர்களிடமே விட்டால், ஏறுவாரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தரகரிடம் ஓலைக்கு முன்பணம் வாங்கி, அந்தக் கடனுக்காகவே பெட்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய கட்டாயமும் நேராது. அதற்கு வேண்டிய நிலமும் விதையும் திருவள்ளூர் மாவட்ட நிருவாகத்தின் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. பருவமழைக்கு முன்னதான ஆவணி, புரட்டாசி மாதங்களே விதை ஊன்றுவதற்கு ஏற்ற காலம்.